லீவுக்கு பசங்களோட சேர்ந்து கிச்சன்ல ஈஸியா என்ன செய்யலாம்? தின்பண்டம், கைவேலை ரெண்டும் சொல்லுங்க

மழைமேகம்:
எல்லாருக்கும் வணக்கம். பெரியவனுக்கு 8 வயசு, சின்னவளுக்கு 4. மே மாசம், வெளிய வெயில் கொளுத்துது, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல தான் கீழ இறக்கி விடவே முடியுது, அது வரைக்கும் டிவி இல்லன்னா போன். யூடியூப்ல தேடினா ஓவன் வேணும், விப்பிங் கிரீம் வேணும், கலர் ஸ்பிரிங்கிள்ஸ் வேணும்னு போகுது, எங்க வீட்ல ஓவன் கிடையாது, வாங்குற ஐடியாவும் இல்ல. மளிகை டப்பாவுல இருக்குறத வச்சே செய்யுற மாதிரி சொல்லுங்க. முக்கியமா ரெண்டு பேரும் நிஜமாவே கை வச்சு செய்யணும். நான் செஞ்சுட்டு கடைசில அவங்க ஒரு முந்திரிய மேல வைக்குறது வேண்டாம், அதுல ரெண்டு நிமிஷத்துல போரடிச்சு எந்திரிச்சு போயிடுறாங்க.

தாமிரபரணி:
மாலாடுல ஆரம்பிங்க மா. பொட்டுக்கடலை ஒரு கப், சீனி முக்கால் கப், ஏலக்காய் ரெண்டு, உருக்குன நெய் கால் கப்பும் அதுக்கு மேல கொஞ்சமும். பொட்டுக்கடலைய வெறும் சட்டில லேசா சூடு காட்டி ஆற விட்டு, சீனியோட மிக்ஸில நைஸா அரைக்குற வரைக்கும் உங்க வேலை. அதுக்கப்புறம் முழுக்க அவங்க வேலை. அகலமான தாம்பாளம், ஒரு சல்லடை, சின்னவ கைல குடுத்து சலிக்க சொல்லுங்க, கீழ பேப்பர் விரிச்சிருங்க, சிந்தினா சிந்தட்டும். நெய் விரல் வச்சா இதமா இருக்குற சூட்டுல இருக்கணும், அத பெரியவன் கரண்டி கரண்டியா ஊத்த, நீங்க பிசைஞ்சு குடுக்க, ரெண்டு பேரும் உருட்டட்டும். உருட்டும்போது உடைஞ்சா நெய் பத்தலன்னு அர்த்தம், இன்னொரு ஸ்பூன் சூடா விட்டா பிடிச்சிரும். அடுப்பு முன்னாடி அவங்க நிக்க வேண்டிய அவசியமே வராது.

பால்வாடி டீச்சர்:
நான் அங்கன்வாடில வேலை பாக்குறேன், 3 வயசுல இருந்து 5 வயசு பிள்ளைங்க தான் எனக்கு தினமும். நீங்க சொன்ன கடைசி வரி ரொம்ப சரிங்க. முந்திரி மேல வைக்க சொன்னா பிள்ளைக்கு தெரிஞ்சிடும், இது சும்மா ஒப்புக்கு குடுத்த வேலைன்னு. நாலு வயசு பிள்ளையால என்ன முடியும்னு நிறைய பேருக்கு தெரியல. முருங்கைக்கீரை உருவும், கொத்தமல்லி ஆயும், பட்டாணி உரிக்கும், வேகவச்ச உருளைக்கிழங்கு ஆறினதும் தோல் உரிச்சு மசிக்கும், ஊறவச்ச பாதாம் தோல பிதுக்கும், மாவு சலிக்கும், உருட்டும். அஞ்சு ஆறு வயசுல எலுமிச்சை பிழியும், தேங்காய்ப்பூவும் வெல்லமும் சேர்த்து பிசையும். எட்டு வயசு பையன் கப்புல அளந்து போடுவான், பீலர் பிடிச்சு கேரட் சீவுவான், மழுங்கல் கத்தியால வாழைப்பழம், பன்னீர் வெட்டுவான். அடுப்பு பக்கம் பத்து வயசுக்கு மேல, அதுவும் நீங்க பக்கத்துல நின்னா மட்டும்.

இன்னொன்னு, உருட்டுறது கிள்ளுறது பிதுக்குறது இதெல்லாம் விரலுக்கு நல்ல பயிற்சி. பென்சில் பிடிக்க கஷ்டப்படுற பிள்ளைங்கள எழுது எழுதுன்னு திட்டுறதுக்கு பதிலா சத்துமாவ பிசைஞ்சு உருட்ட விடுங்க. சத்துமாவு ஒரு கப், வெல்லத்தூள் அரை கப்புக்கு கொறைச்சல், கொஞ்சம் தேங்காய்ப்பூ, வெதுவெதுப்பான தண்ணி தெளிச்சு பிடிகொழுக்கட்டையா பிடிச்சு பத்து நிமிஷம் ஆவில வச்சா முடிஞ்சது. பிடிகொழுக்கட்டைல அந்த விரல் அச்சு விழுதுல்ல, அத பாத்து இது என்னோடது அது உன்னோடதுன்னு எங்க பிள்ளைங்க கரெக்டா எடுத்துக்கும்.

கரிசல்காட்டான்:
கோவில்பட்டி பக்கம் நம்ம ஊரு. பசங்களோட செய்யுறதுன்னா எல்லாரும் மொதல்ல கடலைமிட்டாய் தான் கேக்குறாங்க, கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடு கிடைச்சதுல இருந்து இன்னும் அதிகமா. செய்யலாம், ஆனா பாகு காய்ச்சுறப்ப பிள்ளைங்க சமையல்கட்டுக்குள்ளயே இருக்க கூடாது, இத நான் கண்டிப்பா சொல்லுவேன். தண்ணி கொதிக்குறது 100 டிகிரி. பாகு டக்குன்னு உடையுற பதம் வர்றப்ப 150 டிகிரி கிட்ட இருக்கும், அது மேல பட்டா தண்ணி மாதிரி வழிஞ்சு போகாது, தோல்ல ஒட்டிக்கிட்டு அங்கேயே வேகும். பட்டுட்டா உடனே குழாய் தண்ணில இருபது நிமிஷம் காட்டணும், பேஸ்ட் மாவு எதையும் தடவ கூடாது.

அதனால வேலைய ரெண்டா பிரிச்சுக்கணும். வறுத்த கடலை நல்லா ஆறினதும் பிள்ளைங்க கிட்ட குடுங்க, ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு தேய்ச்சு தோல் எடுக்கட்டும், மொட்டைமாடில நின்னு முறத்துல புடைக்கட்டும், தோல் பறக்குறத பாத்து குதிப்பாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு கடலையையும் ரெண்டா ஒடைக்கணும். இது பெரிய வேலை, நேரம் ஆகும், அவங்களுக்கும் பிடிக்கும். மறுநாள் காலைல அவங்க தூங்கி எந்திரிக்குறதுக்கு முன்னாடி நீங்க பாகு காய்ச்சி கிண்டி தட்டுல கொட்டி கட்டம் போட்டு வச்சிருங்க, ஆறினதும் எடுத்து ஒடைக்குறது திரும்ப அவங்க வேலை. பாகு பதம் பாக்க ஒரு கிண்ணத்துல பச்சத்தண்ணி வச்சுக்கிட்டு ஒரு சொட்டு விடுங்க, எடுத்து தட்டுல போட்டா கல்லு மாதிரி சத்தம் கேக்கணும். சவ்வு மாதிரி இழுத்தா பதம் வரல.

பால்வாடி டீச்சர்:
கரிசல்காட்டான் அண்ணன் சொன்னதோட ஒரு வார்த்தை. 4 வயசு பிள்ளைக்கு முழுக்கடலை, கடலைமிட்டாய் ரெண்டும் குடுக்காதீங்க, மூச்சுக்குழாய்ல போய் அடைக்கும். நாலு அஞ்சு வயசு தாண்டுற வரைக்கும் கடலைய பொடி பண்ணி தான் சேர்க்கணும். அதே மாதிரி பாப்கார்ன், கெட்டி மிட்டாயும். ஒரு வயசுக்கு கீழ கைக்குழந்தை வீட்ல இருந்தா தேன் கலந்த எதையும் நாக்குல தடவ விடாதீங்க, அக்கா அண்ணன் பாசத்துல தடவிருவாங்க.

இரட்டையர் அப்பா:
எனக்கு ரெண்டும் பையனுங்க, 7 வயசு. ஞாயித்துக்கிழமை காலைல வீட்ல டிபன் எங்க மூணு பேர் பொறுப்பு, இட்லி தட்டுல எண்ணெய் தடவுறது, மாவு ஊத்துறது எல்லாம் அவனுங்க தான். ஆம்பளப் பசங்களுக்கு எதுக்குன்னு சொந்தக்காரங்க கேக்க தான் செய்யுறாங்க, கேக்கட்டும், சாப்பிடுற எல்லாருக்கும் சமைக்க தெரியணும்.

எங்க வீட்ல பெரிய ஹிட் வெண்ணெய். பால்ல எடுக்குற ஏட்ட ஒரு வாரம் ஃப்ரிட்ஜ்ல சேர்த்து வச்சு, கொஞ்சம் தயிர் கலந்து ராத்திரி வெளிய வச்சு, காலைல வாய் அகலமான பாட்டில்ல பாதி அளவுக்கு மட்டும் போட்டு, சில்லுன்னு தண்ணி கொஞ்சம் ஊத்தி இறுக்கி மூடி குலுக்கணும். மொதல்ல சலசலன்னு சத்தம், அப்புறம் சத்தமே இருக்காது, கெட்டியாகி பாட்டில் சுவர்ல ஒட்டிக்கும், அங்க தான் பசங்க சோர்ந்து போயி போதும்னு சொல்லுவாங்க, விட கூடாது, கை மாத்தி கை மாத்தி குலுக்கினா திடீர்னு மறுபடியும் தொப் தொப்னு சத்தம் கேக்கும், வெண்ணெய் திரண்டு மோர் தனியா பிரிஞ்சிருக்கும். அந்த மோர்ல உப்பும் கருவேப்பிலையும் போட்டு குடிச்சிட்டு, வெண்ணெய ரெண்டு தடவை ஐஸ் தண்ணில அலசி தோசைக்கு வச்சுக்கலாம்.

அடுத்தது கவர் ஐஸ்கிரீம். சின்ன ஜிப் கவர்ல காய்ச்சி ஆறின கெட்டிப்பால் ஒரு கப், சர்க்கரை ரெண்டு ஸ்பூன், ஏலக்காய் தூள். பெரிய கவர்ல ஐஸ்கட்டி நிறைய, கல் உப்பு அரை கப். சின்னத பெரியதுக்குள்ள வச்சு மூடி, துண்டுல சுத்தி பத்து நிமிஷம் குலுக்கணும். துண்டு கண்டிப்பா வேணும், வெறுங்கைல பிடிச்சா விரல் மரத்துப்போயிடும். பிரிக்குறதுக்கு முன்னாடி சின்ன கவர மேல கழுவிருங்க, இல்லன்னா உப்புக் கரிக்கும்.

லேப் கோட்டு:
இரட்டையர் அப்பா, அருமை. அந்த உப்பு எதுக்குன்னு பசங்க கேட்டா சொல்ல வசதியா எழுதுறேன், நான் ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி எடுக்குறேன். வெறும் ஐஸ் 0 டிகிரில உருகும், பால்ல சர்க்கரை கரைஞ்சிருக்குறதால அது உறைய 0க்கு கீழ போகணும், அதனால வெறும் ஐஸ்க்குள்ள வச்சா எத்தனை நேரம் வச்சாலும் ஐஸ்கிரீம் ஆகாது. ஐஸ் மேல உப்பு போட்டா அது இன்னும் கீழ இருக்குற வெப்பநிலையிலயே உருக ஆரம்பிக்கும், உருகுறதுக்கு தேவையான வெப்பத்த பக்கத்துல இருக்குற பால்ல இருந்து உறிஞ்சிக்கும். சரியான அளவுல கலந்தா உப்பும் ஐஸும் சேர்ந்த கலவை மைனஸ் 21 டிகிரி வரைக்கும் போகும். ராத்திரி மணி அடிச்சுக்கிட்டு வர்ற குல்பி வண்டிக்காரர் பானைக்குள்ள ஐஸும் உப்பும் போட்டு வச்சிருக்குறது இதுக்கு தான்.

கைவேலைன்னும் கேட்டிருக்கீங்க. மஞ்சள் பேப்பர் செய்ங்க, இத விட மலிவான மேஜிக் எதுவும் இல்ல. மஞ்சத்தூள தண்ணில கெட்டியா கரைச்சு வெள்ளை சார்ட்டுல பிரஷ்ஷால அடிச்சு காய விடுங்க. காஞ்ச பிறகு பஞ்சுக் குச்சிய சோப்புத் தண்ணில தொட்டு எழுதினா செக்கச்செவேல்னு எழுத்து வரும். அது மேல எலுமிச்சை சாறு தடவினா திரும்ப மஞ்சளாயிடும். ஆரத்தி தட்டுல மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பாகுறதும் இதே விஷயம் தான், ஆனா சுண்ணாம்பு பிள்ளைங்க கைக்கு குடுக்க வேண்டாம், கண்ணுல பட்டா ஆபத்து, சோப்பு இல்லன்னா ஆப்பசோடா தண்ணி போதும்.

வீட்ல சங்குப்பூ கொடி இருந்தா இன்னும் நல்லது. நீல சங்குப்பூ அஞ்சாறு எடுத்து வெந்நீர்ல போட்டா கடல் நீலம் இறங்கும். ஒரு டம்ளர்ல எலுமிச்சை பிழிஞ்சா ஊதாவா, இன்னும் பிழிஞ்சா ரோஸ் கலரா மாறும், இன்னொரு டம்ளர்ல ஆப்பசோடா போட்டா பச்சை பக்கம் போகும். எலுமிச்சை போட்டதுல கொஞ்சம் சர்க்கரை சேர்த்து ஜூஸா குடிச்சிரலாம்.

நிலாச்சோறு:
எல்லாம் சரி, ஆனா இங்க வர்ற முக்கால்வாசி ஐட்டமும் இனிப்பு தானே? லீவு முழுக்க தினமும் உருண்டை, ஐஸ்னு போனா பல்லும் போகும் பசியும் போகும். நான் வெள்ளை சர்க்கரைய வீட்டுக்குள்ளயே விடுறதில்ல, எல்லாத்துக்கும் நாட்டுச்சர்க்கரையும் வெல்லமும் தான். மத்தவங்களும் அப்படி மாத்தி சொன்னா நல்லது.

லேப் கோட்டு:
நிலாச்சோறு, உங்க அக்கறை நியாயமானது. ஆனா வெல்லத்த சர்க்கரைக்கு மாத்தா நினைக்க வேண்டாம். வெல்லத்துல இரும்புச்சத்து மாதிரி சிலது கொஞ்சம் இருக்கு, மத்தபடி பெரும்பகுதி சர்க்கரை தான், பல்லுக்கும் அது சர்க்கரையா தான் தெரியும். உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு, ஒரு நாள் சாப்பிடுற மொத்த கலோரில சேர்க்குற சர்க்கரை 10 சதவீதத்துக்குள்ள இருக்கணும், 5க்கு கீழ கொண்டு வந்தா இன்னும் நல்லதுன்னு. தேனும் பழ ஜூஸும் அந்த கணக்குல சேரும். ஒரு நாளைக்கு 1400 கலோரி சாப்பிடுற குழந்தைன்னா 35 கிராம். மேல தாமிரபரணி அக்கா சொன்ன மாலாடுல முக்கால் கப் சீனி, அது 150 கிராம் கிட்ட வரும், எலுமிச்சை அளவுல பதினஞ்சு உருண்டை பிடிச்சா ஒண்ணுக்கு 10 கிராம். ஒரு உருண்டை சாப்பிடலாம், நாலு சாப்பிட்டா அன்னைக்கு கோட்டா தாண்டிடும். கோலிகுண்டு சைஸ்ல பிடிக்க சொல்லுங்க, உருட்டுற வேலை அதிகம் கிடைக்கும், உள்ள போறது கம்மி.

தாமிரபரணி:
நல்லா சொன்னீங்க தம்பி. காரமா, உப்பா செய்யவும் எத்தனையோ இருக்கு. எங்க வீட்ல அம்மணிக் கொழுக்கட்டைன்னா பேரப்பிள்ளைங்க சண்டை போட்டு உக்காருங்க. இடியாப்ப மாவு ஒரு கப், உப்பும் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயும் போட்டு தளதளன்னு கொதிக்குற தண்ணி ஒண்ணேகால் கப்பு வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி கரண்டிக் காம்பால கிளறி மூடி வச்சிரணும். கை பொறுக்குற சூடு வந்ததும் நீங்க ஒரு தடவை அழுத்தி பிசைஞ்சு பிள்ளைங்களுக்கு ஆளுக்கு ஒரு உருண்டை குடுத்திருங்க, ஈரத்துணி போட்டு மூடியே வைங்க, காஞ்சா வெடிக்கும். சீடை மாதிரி குட்டி குட்டியா உருட்டணும்கிறது வழக்கம். ஆனா பிள்ளைங்க கேக்குமா, அ ஆ இ ஈ எழுதும், பாம்பு செய்யும், ஆமை செய்யும், செய்யட்டும். கனம் ஒரே மாதிரி இருந்தா போதும், பத்து நிமிஷம் ஆவில வெந்திரும். கடுகு உளுத்தம்பருப்பு கருவேப்பிலை தாளிச்சு தேங்காய்ப்பூ தூவி ஒரு பிரட்டு. சின்னவளுக்கு மிளகாய் வேண்டாம். வெந்த பிறகு என்னோட ஆமை எங்கன்னு தேடி எடுத்து சாப்பிடுறப்ப, சாப்பாட்டுக்கு வாய் திறக்காத பிள்ளை கூட ஒரு கிண்ணம் காலி பண்ணிரும்.

யாழ்குடில்:
வணக்கம், நான் யாழ்ப்பாணத்திலயிருந்து. கொழுக்கட்டை எண்டதும் எழுதாமல் இருக்கேலாது. எங்கட பக்கம் பிள்ளைக்கு முதல் பல்லு வந்தா பல்லுக் கொழுக்கட்டை அவிக்கிறது. தேங்காயைப் பல்லுப் பல்லா நறுக்கி கொழுக்கட்டையில குத்தி விடுவினம், பிள்ளையை இருத்தி தலைக்கு மேல துணி பிடிச்சு கொழுக்கட்டையைச் சொரியிறது. அந்தத் தேங்காய்ப் பல்லுக் குத்திற வேலை வீட்டில இருக்கிற மூத்த பிள்ளையளுக்குத் தான். தங்கச்சிக்குப் பல்லு வந்ததுக்குத் தான் ஏதோ செய்யிறன் எண்ட பெருமை அதுகளுக்கு.

மற்றது எள்ளுருண்டை. எள்ளைக் கழுவிக் காய வைச்சு வறுக்கிறது, உளுந்து வறுத்துத் திரிக்கிறது எல்லாம் பெரியாக்கள். ஆறின பிறகு எள்ளு, உளுத்தம்மா, பனங்கட்டி மூண்டையும் சின்ன உரலில போட்டு பிள்ளையள் இடிக்கட்டும். எள்ளிலயிருந்து எண்ணெய் கக்கி வர மாத் தன்ர பாட்டில சேரும், பாகும் தேவையில்லை நெய்யும் தேவையில்லை. இடிக்க இடிக்க வாசம் வீடு முழுக்க வரும்.

சேலத்துக்காரி:
லீவு முடிஞ்சு ஜூலைல வந்தாலும் பரவால்லைன்னா எங்க ஊர் தேங்காய் சுடுறத சொல்றேங்க. தின்பண்டமும் கைவேலையும் ஒண்ணா சேர்ந்தது இத விட வேற இல்ல. சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் பக்கம் ஆடி ஒண்ணாம் தேதி வீட்டுக்கு வீடு தேங்காய் சுடுவோம். பாரதப் போர் ஆடி 1ல ஆரம்பிச்சு 18ல முடிஞ்சதுன்னும், அதுல ஜெயிக்கணும்னு வேண்டிக்கிட்டு செஞ்ச பூஜைன்னும் பெரியவங்க சொல்லுவாங்க.

மொதல் நாளே பசங்க வேலை ஆரம்பிச்சிரும். நல்ல முத்தின தேங்காயா பாத்து நார் ஒண்ணு விடாம உரிச்சு, சிமெண்ட் தரைல போட்டு தேய் தேய்னு தேய்ச்சு வழவழன்னு ஆக்கணும். யாரோட தேங்காய் அதிகம் மினுங்குதுன்னு தெருவே போட்டி போடும். அப்புறம் மஞ்சள் தடவி வைக்கணும். மூணு கண்ணுல ஒரு கண்ண பெரியவங்க ஓட்டை போட்டு தண்ணிய டம்ளர்ல வடிச்சு குடுப்பாங்க. வறுத்த பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, எள்ளு, அவல், பொடிச்ச வெல்லம், ஏலக்காய் எல்லாத்தையும் கலந்து அந்த சின்ன ஓட்டை வழியா உள்ள தள்ளணும். இங்க தான் சின்னப் பிள்ளைங்க விரல் வேலை செய்யும், நம்ம விரலு போகாது. முக்கால்வாசி நிறைஞ்சதும் வடிச்ச தண்ணிய கொஞ்சம் திரும்ப ஊத்தி, ஒரு முனை சீவின அழிஞ்சில் குச்சிய அந்த கண்ணுல இறுக்கமா சொருகினா கைப்பிடி ஆச்சு.

சாயங்காலம் வாசல்ல தீ மூட்டி சுத்தி நின்னு தேங்காய தீயில காட்டி திருப்பி திருப்பி சுடணும். குச்சி நீளமா இருக்குறதால தள்ளி நின்னே சுடலாம், ஆனா ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்துல ஒரு பெரியவங்க இருக்கணும், பாலியஸ்டர் டிரஸ் போட கூடாது, பக்கத்துல ஒரு குடம் தண்ணி வேணும். ஓடு கருகி பட்டுன்னு விரிசல் விட்டா உள்ள வெந்துருச்சுன்னு அர்த்தம். ஓட்ட ஒடைச்சு பிள்ளையாருக்கு படைச்சிட்டு சாப்பிட்டா, தேங்காய்ல வெல்லம் ஊறி பருப்பு வெந்து புகை வாசத்தோட இருக்கும். கடைல எந்த மிட்டாய்லயும் அந்த ருசி வராதுங்க.

யாழ்குடில்:
சேலத்துக்காரி அக்கா, அதே ஆடி முதலாம் திகதி தான் எங்களுக்கு ஆடிப்பிறப்பு! நீங்கள் தேங்காய் சுடேக்கை நாங்கள் கூழ் காய்ச்சிறம். அரிசிமா, வறுத்த பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி, சின்னனா வெட்டின தேங்காய்ச் சொட்டு போட்டுக் காய்ச்சிற இனிப்புக் கூழ். கரண்டி வைக்கிறேல்லை, பலா இலையைக் கழுவித் துடைச்சுக் கோலி ஈர்க்குக் குத்தினா அது தான் கரண்டி. முதல் நாள் பின்னேரம் பிள்ளையள் முற்றத்தில இருந்து இலை கோலுங்கள், அதுகள் செய்த கரண்டியில தான் எல்லாரும் குடிக்க வேணும். ஈர்க்கு முனை வாய்ப்பக்கம் நீட்டிக்கொண்டு இருக்காமல் முறிச்சு விடுங்கோ.

கடலோரக் காத்து:
படிக்க படிக்க பசிக்குது. நான் கைவேலை பக்கம் வர்றேன், அதுக்கு ஆள் கம்மியா இருக்கு.

கடைல விக்குற களிமண் டப்பாவுக்கு பதிலா மைதால செய்யலாம். மைதா ஒரு கப், தூள் உப்பு அரை கப், தண்ணி ஒரு கப், எண்ணெய் ஒரு ஸ்பூன், எலுமிச்சை சாறு ரெண்டு ஸ்பூன். எல்லாத்தையும் கட்டியில்லாம கரைச்சு சிம்ல வச்சு கிண்டினா அல்வா மாதிரி திரண்டு வரும், ஆறினதும் பிசைஞ்சு பிரிச்சு மஞ்சத்தூள், பீட்ரூட் சாறு, கீரை சாறுன்னு கலர் குடுத்து மூடி போட்ட டப்பால வச்சா ரெண்டு மூணு வாரம் வரும். வேகவச்சு செய்யுறது ஏன்னா பச்சை மாவுல கிருமி இருக்கலாம், பிள்ளைங்க வாய்ல வைக்கும். வெந்தாலும் இது திங்குற பொருள் இல்ல, உப்பு அவ்வளவு இருக்கு, சின்னவங்கள பக்கத்துலயே உக்கார வச்சு விளையாட விடுங்க. வீட்ல நாய் வளர்க்குறவங்க ரொம்ப கவனம், அது தின்னா உப்பு விஷமாயிடும்.

அடுத்தது காகிதக்கூழ் கூடை, இது எங்க ஆச்சி செய்வாங்க, இப்ப யாரும் செய்யுறத பாக்கல, அதனால விவரமா சொல்றேன். பழைய நியூஸ்பேப்பர விரல் அகலத்துக்கு கிழிச்சு ஒரு பக்கெட் தண்ணில ரெண்டு நாள் ஊற போடணும். கிழிக்குறது பிள்ளைங்க வேலை, அத ஒரு மணி நேரம் கூட செய்வாங்க. ரெண்டாவது நாள் ராத்திரி ஒரு கைப்பிடி வெந்தயம் தனியா ஊற வைங்க. மறுநாள் பேப்பர பிழிஞ்சு வெந்தயத்தோட சேர்த்து ஆட்டுனா வழவழன்னு பசை மாதிரி கூழ் வரும், அந்த வெந்தயம் தான் பிசின் வேலை பாக்குறது. சமையலுக்கு பயன்படுத்துற மிக்ஸி ஜார்ல போடாதீங்க, பழைய ஜார் எதுனா ஒண்ணு ஒதுக்கிருங்க. ஒரு கிண்ணத்த கவுத்து வச்சு பிளாஸ்டிக் கவர் சுத்தி, அது மேல கூழ அரை விரல் கனத்துக்கு அப்பி தட்டி வழிச்சு விடணும். கை முழுக்க கூழு, பிள்ளைங்களுக்கு சொர்க்கம். வெயில்ல ரெண்டு மூணு நாள் காஞ்சதும் கிண்ணத்த உருவிட்டா கூடை தயார். அதுக்கு மேல காவி பூசி அரிசி மாவு கோலம் மாதிரி வெள்ளைப் புள்ளி வைக்கலாம். கிளிப்பு, பென்சில், சோழி போட்டு வைக்க தான், தின்பண்டம் நேரா போடாதீங்க, அச்சு மை இருக்கு.

பட்டத்துக்கும் சார்ட்டுக்கும் ஒட்ட மைதா பசை காய்ச்சுறவங்களுக்கு ஒண்ணு. பூச்சி வராம இருக்க மயில்துத்தம் போடுற பழக்கம் முன்னாடி இருந்துச்சு, பிள்ளைங்க கை வைக்குற பசைல அது வேண்டவே வேண்டாம், விஷம். அப்பப்ப தேவைக்கு காய்ச்சி மிச்சத்த கொட்டிருங்க.

சேலத்துக்காரி:
வெண்டைக்காய் அச்சு விட்டுட்டீங்களே. முத்தின வெண்டைக்காய தலைப்பக்கம் குறுக்க வெட்டி பெயிண்ட்ல தொட்டு வச்சா பூ, வாழைத்தண்டுல வச்சா வட்டம் வட்டமா வலை, பாதி வெட்டின எலுமிச்சை காய வச்சு தொட்டா சக்கரம். பழைய காடாத்துணி பையில போட்டு குடுத்தா ஸ்கூல் திறக்குறப்ப சாப்பாட்டுப் பை ரெடி, துணின்னா ஃபேப்ரிக் பெயிண்ட் வாங்கிக்கோங்க, பீட்ரூட் சாறு ஒரு துவைப்புல போயிடும்.

கரிசல்காட்டான்:
இது நுங்கு சீசன் வேற. நுங்கு தின்னுட்டு கூந்தல, அதான் நுங்கு எடுத்த வெறுங்காய, தூக்கி போடாதீங்க, ரெண்டு கூந்தல ஒரு குச்சில கோர்த்து, கவட்டைக் கம்பால தள்ளினா நுங்கு வண்டி. பூவரசு இலை பறிச்சா ஒரு இலைய சுருட்டி பீப்பி, மிச்ச இலைல அரிசி மாவும் பூரணமும் வச்சு மடிச்சு ஆவில வச்சா பூவரசு இலை கொழுக்கட்டை, வெந்ததும் இலை நரம்பு அச்சு அப்படியே கொழுக்கட்டைல விழும்.

நிலாச்சோறு:
லேப் கோட்டு சொன்ன கணக்க பாத்தேன், இனி வெல்லத்தையும் அளந்தே போடுறேன். கலர் பத்தி ஒண்ணு கேக்கணும். 2024 பிப்ரவரில பஞ்சுமிட்டாய்ல ரோடமைன் பி கண்டுபிடிச்சு தமிழ்நாட்டுல தடை பண்ணாங்கல்ல, அதுல இருந்து கலர் பொடின்னாலே பயமா இருக்கு. என் பொண்ணு ரோஸ் கலர்ல வேணும்னு அடம் பிடிக்குறா. பீட்ரூட் சாறு போட்டு தேங்காய் பர்பி செஞ்சா அடுப்புல இருந்து இறக்குறப்ப பழுப்பா போயிடுது, என்ன செய்ய?

லேப் கோட்டு:
ரோடமைன் பி துணிக்கும் காகிதத்துக்கும் போடுற சாயம், உணவுல அனுமதியே இல்லாதது, அதனால தான் தடை. பீட்ரூட் நிறம் சூடு தாங்காது, அதிக நேரம் கொதிச்சா பழுப்பாகும். துருவி பிழிஞ்ச சாற கடைசில, அடுப்ப அணைச்ச பிறகு ரெண்டு ஸ்பூன் மட்டும் சேர்த்து கிளறுங்க. கூட நாலு சொட்டு எலுமிச்சை விட்டா நிறம் இன்னும் கொஞ்சம் நிக்கும். ஆப்பசோடா பக்கம் போகவே கூடாது, இன்னும் மங்கிடும். சூடே வேண்டாம்னா உலர் தேங்காய்ப்பூல பீட்ரூட் சாறு தெளிச்சு நிழல்ல காய வச்சு, மாலாட அதுல உருட்டி எடுங்க. அந்த உருட்டுற வேலையையும் உங்க பொண்ணு கிட்டயே குடுங்க.

மழைமேகம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒவ்வொண்ணையும் நோட்டுல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டேன். மாலாடும் அம்மணிக் கொழுக்கட்டையும் செஞ்சாச்சு. சின்னவ சலிக்குறத விட மாட்டேங்குறா, சலிச்ச மாவையே திரும்ப சல்லடைல போட்டு சலிக்குறா. பெரியவன் மஞ்சள் பேப்பர்ல தங்கச்சிக்கு ரகசிய கடிதம் எழுதுறான், அவளுக்கு படிக்க தெரியாது, இருந்தாலும் சோப்புத் தண்ணி தடவி பாத்து கை தட்டுறா. சேலத்துக்காரி அக்கா, ஆடி ஒண்ணுக்கு தேங்காய் சுடலாம்னு முடிவே பண்ணிட்டோம், மொட்டைமாடில அனுமதி கேட்டிருக்கேன். சென்னைல அழிஞ்சில் குச்சிக்கு எங்க போறது? வேற குச்சி சொருகலாமா?

சேலத்துக்காரி:
ஆடிக்கு ரெண்டு நாள் முன்னாடி எங்க ஊர் மார்க்கெட்டுல கட்டு கட்டா வச்சு விப்பாங்க, இங்க இருந்து யாராச்சும் சென்னை வந்தா குடுத்து விட சொல்லி பாருங்க. கிடைக்கலன்னா பச்சை மூங்கில் குச்சி, இல்ல கொய்யாக் குச்சி, கட்டைவிரல் கனத்துல, மூணடி நீளம். காஞ்ச குச்சி வேண்டாம், தீ பிடிச்சிரும். பேரு தெரியாத மரத்துல ஒடைக்காதீங்க, அபார்ட்மென்ட் வாசல்ல வளர்க்குற அரளி கிட்டயே போக கூடாது, அது குச்சி, இலை, புகை எல்லாமே விஷம். தேங்காய் பழசா இல்லாம, ஆட்டினா தண்ணி சத்தம் நல்லா கேக்குறதா பாத்து வாங்குங்க, பிள்ளைக்கு ஒண்ணுன்னு ரெண்டு வாங்குங்க, ஒண்ணு வாங்கினா யாரு குச்சி பிடிக்குறதுன்னு அங்கேயே பாரதப் போர் ஆரம்பிச்சிரும்.